பிள்ளை சொல்லிவிட்டது, பெற்றவர்கள் யாரிடம் சொல்வது?

மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் தொடர்பாக 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. ஒருவருக்கு 22 வயது, மற்றவருக்கு 20. ஒருவரையொருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு வந்ததும் சென்னைக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் மதுரையில் 'பெண்ணைக் காணோம்' என்று புகார் கொடுத்தார்கள், போலீஸ் தேட ஆரம்பித்தது, பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த ஆண்டு ஜூன் 7-ம் தேதி பிறப்பித்த உத்தரவு நாடு முழுக்கப் பேசப்பட்டது. பாலீர்ப்பை 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைக்குத் தடை, காவல் துறைக்குக் கட்டுப்பாடுகள், பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் என்று அதில் நிறைய இருந்தது. இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, நீதிபதியே உளவியலாளரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதும் செய்தியானது.

அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பகுதியும் அந்த வழக்கில் உண்டு. உளவியல் ஆலோசகரிடம் பெண்களை மட்டும் அனுப்பவில்லை, இரண்டு வீட்டுப் பெற்றோரையும் நீதிபதி அனுப்பினார். அவர்களுடைய கவலைகள் ஆலோசகரின் அறிக்கை வழியாக நீதிமன்றப் பதிவில் ஏறியிருக்கின்றன. ஊர் என்ன சொல்லும், மகளுக்குப் பாதுகாப்பு இருக்குமா, வம்சம் என்ன ஆகும், தத்தெடுப்பதெல்லாம் நடக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். மகள் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து வாழ்வதைவிடத் துறவிபோலத் தனியாகவே இருந்துவிட்டாலும் கௌரவம் என்று நினைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு 'எப்பேர்ப்பட்ட பெற்றோர்' என்று உச்சுக்கொட்டுவது சுலபம். எனக்கு வேறு ஒன்று உறைத்தது. இவை எல்லாம் பதில் உள்ள கேள்விகள்தான். ஏற்கெனவே இதைக் கடந்து வந்த இன்னொரு அம்மா, மதுரையிலேயே ஏதோ ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து அரைமணி நேரத்தில் பாதிக்குப் பதில் சொல்லியிருப்பார். அப்படி ஒரு ஆள் கண்ணுக்குத் தெரியாததால் விவகாரம் காவல் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநங்கைகள், திருநம்பிகளுக்கு (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவர்கள்) ஆதரவு வேண்டும் என்று இப்போது ஓரளவு பேசுகிறோம். அவர்களுடைய அம்மா, அப்பா, அக்கா, தம்பி, நண்பர்களுக்கும் ஆதரவு வேண்டும், அதுவும் தனியாக வேண்டும் என்பது இன்னும் நம் பக்கம் சரியாக எடுபடவில்லை. 'அவர்களுக்கு என்ன குறை? பிள்ளையை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானே' என்று கேட்கிறார்கள். சரி, ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பிள்ளை பத்து வருடம் தனக்குள் போட்டுப் புரட்டிப் பார்த்த ஒரு விஷயம், பெற்றவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திடீரென்று வந்து விழுகிறது. அன்றிலிருந்து அவர்களும் ஒரு ரகசியத்தைச் சுமக்கிறார்கள்.

அந்த ரகசியம் எங்கே கனக்கிறது என்பதைப் பார்க்க ஒரு கல்யாண மண்டபம் போதும். மொய் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில், வெற்றிலைத் தட்டோடு ஒரு அம்மா நிற்கிறார். வருகிற ஒவ்வொரு சொந்தமும் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன மதினி, மூத்தவனுக்கு எப்ப சோறு போடப் போறீக?" போட்ட மொய்யைத் திரும்ப வாங்க வேண்டாமா என்கிற கணக்கும் அந்தச் சிரிப்புக்குள் இருக்கும். முறைப்பெண் வீட்டில் ஒரு எதிர்பார்ப்பு, தாய்மாமனுக்கு ஒரு உரிமை, பங்காளிகளுக்கு ஒரு வாய். மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களிலும் ஒருவருடைய கல்யாணம் அவர் ஒருவருடைய விஷயமாக இருப்பதில்லை. மகன் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு போனை எடுக்காமல் இருக்கலாம். மண்டபத்தில் நிற்பது அம்மாதான்.

உடனே யாரிடமாவது கொட்டத் தோன்றும். கொட்டினால் அது பிள்ளையைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். யாரிடம் சொல்லலாம், எப்போது சொல்லலாம் என்பது பிள்ளை எடுக்க வேண்டிய முடிவு. சின்னம்மாவிடம் 'உனக்குள்ளேயே வச்சுக்கோ' என்று சொன்னது அடுத்த கிடாவெட்டுக்குள் வகையறா முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். ஆக, சொந்தத்துக்குள் பேச முடியாது, பேசாமலும் இருக்க முடியாது. பெற்றோருக்கான ஆதரவுக் குழு என்று ஒன்று தேவைப்படுவதே இதனால்தான். உங்கள் தெருவோ சாதியோ சொந்தமோ இல்லாத, ஆனால் உங்கள் நிலைமையில் இருக்கிற ஒரு ஆள் வேண்டும்.

அப்படி ஒரு ஆள் இல்லாதபோது பெற்றவர்கள் தட்டுகிற கதவுகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். முதலில் ஜோசியர். அப்புறம் குலசாமி கோயிலில் கோடாங்கியிடம் குறி, செய்வினையா என்று ஒரு சந்தேகம், தாயத்து. கிறிஸ்தவ வீடாக இருந்தால் ஜெபக் கூட்டம், முஸ்லிம் வீடாக இருந்தால் ஹஜ்ரத்திடம் ஓதிப் பார்ப்பது. இதில் பெரும்பாலும் காசும் காலமும்தான் போகும். அடுத்த இரண்டு கதவுகள்தான் ஆபத்து.

ஒன்று, 'சரிபண்ணித் தருகிறேன்' என்கிற மருத்துவர். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018-ல் இது நோயல்ல என்று வெளிப்படையாக அறிவித்தது. மேலே சொன்ன வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், இப்படி மாற்றுவதாகச் சொல்லிச் சிகிச்சை தருவது மருத்துவர்களுக்குரிய தொழில் ஒழுக்கக்கேடு என்று சொல்லிவிட்டது. அதாவது பாலீர்ப்பை மாற்ற மாத்திரை எழுதித் தருகிறவர் மேல் மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். இது தெரியாமல்தான் நிறையப் பேர் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள்.

இன்னொன்று, 'ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்'. இதில் எனக்கு வருகிற கோபத்தை மறைக்க விரும்பவில்லை. இதில் கட்டப்படுவது உங்கள் பிள்ளையின் கால் மட்டுமில்லை. எதுவும் தெரியாத இன்னொரு வீட்டுப் பெண்ணோ பையனோ உள்ளே வருகிறார். ஐந்து வருடம் 'என்னிடம் என்ன குறை' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிற அந்த மனைவிக்கு இந்தக் கதையில் யாரும் பெயர்கூட வைப்பதில்லை. 'குடும்பத்துக்கு ஆதரவு' என்று சொல்லும்போது அவரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மதுரை குடும்ப நீதிமன்றத்துக்குப் போகும் முன் அவருக்கும் பேச ஒரு ஆள் வேண்டும்.

வீட்டார் நடந்துகொள்கிற விதத்தால் என்ன ஆகிறது என்பதற்கு அளவிட்ட சான்றே உண்டு. 2009-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் கெய்ட்லின் ரயன் குழுவினர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வளரும் வயதில் வீட்டாரால் கடுமையாக ஒதுக்கப்பட்டவர்கள், அப்படி ஒதுக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்லியிருந்தார்கள். அமெரிக்க இளைஞர்களிடம் எடுத்த ஆய்வு அது, இங்கே அதே எண் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குழு சொன்ன இன்னொரு விஷயம் நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். கொடுமை செய்கிறோம் என்று நினைத்துப் பெற்றோர் செய்வதில்லை. பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்தே செய்கிறார்கள். போனைப் பிடுங்குவது, நண்பர்களைப் பார்க்கவிடாமல் தடுப்பது, 'இதைப் பற்றி இனிமேல் பேச்சே கூடாது' என்பது எல்லாம் அந்த வகை.

பெற்றோரே பெற்றோருக்காகக் கூடுவது எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் நியூயார்க்கில் ஒரு பள்ளி ஆசிரியை வருகிறார். ஜீன் மேன்ஃபோர்ட். அவருடைய மகன் மார்ட்டி 1972 ஏப்ரலில் ஒரு போராட்டத்தில் அடிவாங்கினார், போலீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஜூனில் மகனோடு ஊர்வலத்தில், ஓரினச்சேர்க்கையாளர்களின் பெற்றோரே ஒன்றுசேருங்கள் என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் இளைஞர்கள் ஓடிவந்து 'எங்கள் அம்மாவிடமும் பேசுங்கள்' என்று கேட்டார்கள். 1973 மார்ச்சில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் இருபது பேர்போல உட்கார்ந்து பேசியதுதான் முதல் கூட்டம். அது வளர்ந்து பிஃப்ளாக் என்ற அமைப்பானது, இன்று அமெரிக்கா முழுக்கக் கிளைகள்.

நம் நாட்டில் பெற்றோர் வெளியே வந்தது நீதிமன்றம் வழியாகத்தான். ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது பெற்றோர் சிலர் தாங்களே இடையீட்டு மனு போட்டார்கள்: இந்தச் சட்டம் எங்கள் பிள்ளைகளை மட்டுமில்லை, எங்கள் குடும்பத்தையே குற்றவாளியாக்குகிறது என்று. 2013 டிசம்பர் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை. அப்போது வெளிப்படையாக எழுதியவர்களில் ஒருவர் இமாச்சல உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி லீலா சேத், எழுத்தாளர் விக்ரம் சேத்தின் அம்மா. ஒரு நீதிபதியாக மட்டுமில்லாமல் ஒரு அம்மாவாகவும் அவர் பேசினார். 2018 செப்டம்பர் 6 அன்று அந்த உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. ஒரே பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்ட வழக்கு நடந்தபோது, 2023-ல், 'ஸ்வீகார்' என்ற பெற்றோர் அமைப்பைச் சேர்ந்த நானூறுக்கும் மேற்பட்டவர்கள் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். தமிழில் பெற்றோருக்கென்று எழுதியும் பேசியும் வருகிற அமைப்பு சென்னையின் 'ஓரினம்'.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு ஆட்கொணர்வு மனு வந்தது. 25 வயதுப் பெண்ணை வீட்டார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய தோழி போட்டது. நீதிமன்றத்தில் அந்தப் பெண்ணின் அம்மா, 'என் மகளைக் கெடுத்துவிட்டார்' என்று தோழியைக் குற்றம் சாட்டினார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும் மகளைத் தோழியோடு போக அனுமதித்தார்கள். திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை, தானாகத் தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பமே என்றார்கள். அந்த அம்மாவைத் திட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லாப் பெற்றோரும் லீலா சேத் ஆகிவிட மாட்டார்கள் என்று மட்டும் எழுதினார்கள். சரியான வார்த்தை. ஆனால் லீலா சேத்துக்குப் படிப்பு, பதவி, ஆங்கிலம், டெல்லி எல்லாம் இருந்தன. செல்லூரில் தறி ஓட்டுகிற வீட்டுக்கோ, மாட்டுத்தாவணியில் பழக்கடை வைத்திருக்கிற அப்பாவுக்கோ என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மதுரையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2012 ஜூலை 29 அன்று, கோபி ஷங்கர் தொடங்கிய 'சிருஷ்டி மதுரை' அமைப்பு இங்கே ஒரு வானவில் ஊர்வலம் நடத்தியது. சிறு நகரங்களில் அதெல்லாம் நினைத்தும் பார்க்காத காலம். எழுத்தாளர் பிரியா பாபுவின் திருநங்கையர் ஆவண மையம் மதுரையில்தான் இருக்கிறது. திருநங்கை பாரதி கண்ணம்மா 2014 நாடாளுமன்றத் தேர்தலில் மதுரையில் சுயேச்சையாக நின்றார். திருநங்கையான பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் இந்த ஊர்ப் பிள்ளை, 2019-ல் பத்மஸ்ரீ. அவர் வாழ்க்கையைச் சொல்லும்போது தோழி சக்தி பாஸ்கரை விட்டுவிட்டுச் சொல்லவே முடியாது. சின்ன வயதிலிருந்து கூடவே வந்தவர், நாட்டிய ஆசான் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் கூடவே போய் நின்றவர். வீடு கைவிட்ட இடத்தில் ஒரு சிநேகிதம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு மதுரைக்காரர்கள் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் இவை பெரும்பாலும் திருநங்கைகளைச் சுற்றி உருவானவை. தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு 2008-லேயே நலவாரியம் வந்தது, திருநங்கைகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஜமாத் என்கிற அமைப்பும், அங்கே தத்தெடுக்கிற அம்மாவும் உண்டு. திருநம்பிக்கும், பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் அப்படி ஒரு ஜமாத்தோ தத்தெடுக்கிற அம்மாவோ கிடையாது. அவர்கள் வீட்டுக்குள்ளேயே 'வயசுக்கு வந்த பொண்ணு' என்று பூட்டப்பட்டுவிடுகிறார்கள். இதில் திருநங்கைகளின் வீட்டாரிடம் ஒரு தனி வழக்கமும் இருக்கிறது. மகள் அனுப்புகிற பணத்தில் வீட்டுக்குக் கான்கிரீட் போடுவார்கள், தம்பி கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயர் இருக்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து விடியும் முன் போய்விடு என்பார்கள். அதை ஏற்றுக்கொள்ளுதல் என்று சொல்லக் கூடாது என்பது என் கட்சி. அதே சமயம், அந்தப் பத்து மணிக் கதவைப் பகலிலும் திறக்க வைக்க, பத்திரிகையில் பெயர் போட்ட இன்னொரு குடும்பம் வந்து 'போட்டோம், ஒண்ணும் ஆகலை' என்று சொன்னால்தான் நடக்கும். அறிவுரையால் நடக்காது.

கூடப் பிறந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் முதலில் தெரிந்துகொள்வது தங்கையோ தம்பியோதான். அன்றிலிருந்து அவர்கள் இரு பக்கத்துக்கும் தூது. 'உன் கல்யாணம் முடியற வரைக்கும் அவன் எதுவும் சொல்லக்கூடாது' என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமலே மாட்டிக்கொள்கிறார்கள். அப்பத்தாக்கள் விஷயத்தில் மட்டும் முன்முடிவு வேண்டாம். எல்லாரும் பயந்துகொண்டிருக்க, 'அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, சாப்பிட்டுச்சா?' என்று கேட்டுவிட்டுப் போகிற கிழவிகள் உண்டு.

சரி, மதுரையில் பெற்றோர் குழு என்று ஒன்று நடந்தால் எப்படி இருக்கும்? பத்துப் பதினைந்து பேர் மாதம் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து பேசுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் என்கிற பெண்கள் சேமிப்புக் குழுக்கள் இங்கிருந்து கிளம்பியவைதான். புடவைக்குள் முடிந்து வைத்த கடனைப் பற்றிப் பேசத் தயங்கிய பெண்கள், நோட்டை விரித்து வைத்துப் பேசப் பழகினார்கள். ஆனால் களஞ்சியம் ஒரே தெருக்காரர்களை வைத்து நடக்கும், இது ஒரே தெருக்காரர்கள் இல்லாமல் நடக்க வேண்டும். அதனால் முதலில் போன்தான். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகிற சாக்கில் பேசுகிற பத்து நிமிடம். அப்புறம் வீடியோவை அணைத்துவிட்டுக் கேட்கிற ஒரு ஆன்லைன் கூட்டம். நேரில் பார்க்கத் துணிந்தவர்கள், 'ஆஸ்பத்திரிக்குப் போறோம்' என்று சொல்லிவிட்டுப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகலாம். மதுரைக்குள்ளேயே என்றால் வீடு சரிப்படாது. கல்லூரி அறை, நூலகக் கூடம், ஒரு ஆலோசகரின் அறை என்று காரணம் கேட்காத இடமாக இருக்க வேண்டும்.

அங்கே என்ன பேசுவார்கள்? அம்மாக்கள் கேட்பது, 'நான் வளர்த்ததுல தப்பா?' அப்பாக்கள் பெரும்பாலும் சட்டம் கேட்பார்கள், அழுகையை அந்த வழியாகத்தான் அவர்களால் வெளியே விட முடியும். இரண்டுக்கும் பதில் உண்டு. அதைவிட முக்கியமாக, அங்கே பிள்ளை இல்லை. பிள்ளையையே உட்கார வைத்து 'எனக்குப் புரியவை, எனக்கு ஆறுதல் சொல்லு' என்று கேட்பது பல வீடுகளில் நடக்கிறது. அந்த வேலையைப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்கி வைப்பதுதான் இந்தக் குழுக்களின் முதல் பயன். எடுத்த எடுப்பில் யாரும் மாறிவிடுவதில்லை. திட்டிக்கொண்டே வருகிறவர்களும் வரட்டும், போலீஸுக்குப் போவதற்குப் பதிலாக இங்கே வந்தார்களே.

குழு இல்லாத இடத்தில் மற்ற நிறுவனங்கள் செய்ய வேண்டியது 2021 உத்தரவிலேயே இருக்கிறது. பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகம் இந்த விஷயத்தைப் பெற்றோரிடம் பேச வேண்டும், வீட்டில் ஆதரவு கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் மதிப்பெண்ணையும் முடிவெட்டையும் தாண்டிப் பேச்சு போனால்தானே! தற்கொலை எண்ணம், தூக்கமின்மை, பதற்றம் என்று வந்துவிட்டால் பிள்ளைக்கும் சரி பெற்றோருக்கும் சரி, 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

நண்பர்களுக்கு வருகிற சிக்கல் வேறு மாதிரி. வீட்டைவிட்டு வந்தவரை ஒரு ராத்திரி தங்க வைத்த தோழிதான் முதலில் காவல் நிலையத்துக்குக் கூப்பிடப்படுகிறார், 'கடத்தல்' என்று மிரட்டப்படுகிறார். காணாமல் போன புகாரில் தேடப்படுகிறவர் 18 வயது நிறைந்தவர், தன் விருப்பத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரைத் தொந்தரவு இல்லாமல் முடித்துவிட வேண்டும் என்பது 2021 உத்தரவு. இப்படிப்பட்டவர்களை இம்சிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளிலேயே 2022-ல் திருத்தம் வந்துவிட்டது. உத்தரவின் நகல் ஒன்று போனில் இருப்பது நல்லது. கட்டணமில்லா சட்ட உதவிக்கு 15100. அவசரமென்றால் ஒத்தக்கடை பக்கம் இருக்கிற உயர் நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். திருநங்கை மணமகளும் இந்துத் திருமணச் சட்டப்படி 'மணமகள்'தான் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்ததும் அதே கிளையிலிருந்துதான்.

கடைசியாக எல்லாப் பெற்றோரும் வந்து நிற்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: 'எங்களுக்கு அப்புறம் இதுக்கு யாரு?' கல்யாணம் ஆகாத பிள்ளை என்றால் நம் ஊரில் அநாதை என்றே அர்த்தம் செய்துகொள்கிறார்கள். ஒரே பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது உண்மை. ஆனால் கையில் எதுவுமே இல்லாமல் போய்விடவில்லை. இருவரும் சேர்ந்து வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம், துணையை நாமினியாகப் போடலாம் என்று 2024-ல் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. குடும்ப அட்டைக்கும் அவர்களை ஒரே வீட்டாராக எடுத்துக்கொள்ளச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் போயிருக்கிறது. சேர்ந்து வாழ்கிறவர்கள் பதிவு செய்துகொள்ள ஒரு குடும்ப உறவு ஒப்பந்தம் கொண்டுவர யோசியுங்கள் என்று ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசிடம் சொன்னார். அது வரும்போது வரட்டும். பெற்றவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது உயில். தாங்கள் சம்பாதித்த சொத்தை விரும்பியபடி எழுதலாம் (முஸ்லிம்களுக்கு மட்டும் இதில் வரம்பு உண்டு), சொத்து பெறாத இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள், பங்காளி பின்னால் வந்து வாய் பேசுவது குறையும்.